மேல்துளையா, கீழ்த்துளையா

1

இந்தக் கதை இரண்டு போல்ட்டுகளிலிருந்து வந்தது. இதை எழுதும்போது அவை என் மேசைமேல்தான் கிடக்கின்றன. தாளின் ஓரத்தில் கிரீஸ் கறை. மனத்தின் ஆழத்திலிருந்து வந்தது என்று அளந்துவிட எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் இவை அக்கா வீட்டு டில்லரின் போல்ட்டுகள். பொய் சொல்லி எடுத்து வந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "மழைக்கு முந்தைய வானம் கன்றிப்போயிருந்தது, மண்ணோ—"

(விட்டுவிட்டேன். வானத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

அடுத்தது: "அவளால் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை." இது உண்மை. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அக்காவுக்கு வலது தோள் போய்விட்டது. சீப்பைத் தலைக்குக் கொண்டுபோகாமல் தலையைச் சீப்புக்குக் கொண்டுபோகிறாள். காரணம் டில்லர், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காய்கறித் தோட்டத்தை உழும் சின்ன இயந்திரம். முன்பெல்லாம் அதை ஓட்டியவர் அவள் கணவர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். நெடுநெடுவென்று வளர்ந்தவர். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். எழுந்து நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் "பாக்கலாம்" என்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் இரண்டு பேர் வாழ்கிறார்கள்.

டில்லரின் கைப்பிடியை இரண்டு உயரங்களில் மாட்டலாம். அதன் இரண்டு கால்களும் பொருந்தும் இடத்தில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. மேல்துளை மாமாவுடையது. மாறிவிடக் கூடாது என்று அக்காவின் நகப்பூச்சை எடுத்து, அதைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் போட்டு வைத்திருந்தார். அக்கா அவர் நெஞ்சளவுதான். போன பருவம் முழுக்க, அந்த உயரத்திலேயே கைப்பிடியில் தொங்கிக்கொண்டு உழுதாள். இறக்கவில்லை.

* நடுவில் ஒரு துளை கிடையாதா என்று கேட்பீர்கள். கிடையாது. அந்த இயந்திரத்தைச் செய்தவருக்குக் கதை எழுதத் தெரிந்திருக்கிறது.

3

பருவம் முடிந்ததும் டில்லரைச் சும்மா மூடி வைக்க மாமா விடமாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களை ஆட்டிவைத்தார். டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்தோம். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குழாயில் மிச்சமிருப்பதும் எரிந்து தீரும்வரை ஓடவிட்டோம்.

"நாமளா நிறுத்தக் கூடாது. அதுவா நிக்கணும்," என்றார்.

அது திணறித் திணறி அடங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சூடு ஆறுமுன் பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினேன். கத்திகளில் சுற்றியிருந்த வேர்களை அறுத்தெடுத்து, மண்ணைச் சுரண்டி, எண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஸ்பார்க் பிளக்கை மாமா மடியில் வைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்.

கடைசி வேலை கைப்பிடி. போல்ட்டுகளைக் கழற்றி, துரு பிடிக்காமலிருக்க கிரீஸ் தடவி, உடனே மாட்டிவிட வேண்டும். கழற்றினேன். கிரீஸ் டப்பா எடுக்க அக்கா உள்ளே போனாள்.

"மாப்ள, கீழ மாட்டிடு," என்றார் மாமா. "அவ தோளப் பாத்தியா? நான் சொன்னா கேக்கமாட்டா. நீயா செஞ்ச மாதிரி இருக்கட்டும்."

அக்கா வந்தாள். மாமா கை கழுவ நாற்காலியை உருட்டிக்கொண்டு போனதும் என் பக்கத்தில் குனிந்தாள்.

"பழைய எடத்துலயே மாட்டுடா. கீழ எறக்கினா, இனிமே நீங்க எந்திரிக்கப் போறதில்லன்னு நாமளே அவர்கிட்ட சொன்ன மாதிரி ஆயிடும்."

"உன் தோளு?"

"தோளுக்கென்ன. அது என்னோடதுதானே."

"போல்ட்டு மரை தேஞ்சிருக்கு, கடைல மாத்திட்டு வர்றேன்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, போல்ட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நழுவினேன்.

4

மேசையில் உட்கார்ந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கீழ்த்துளை: அக்கா பார்க்கிறாள். சமையலறைக்குப் போகிறாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிறது.

மேல்துளை: மாமா "சரி" என்கிறார். அடுத்த பருவத்தில் அவள் தொங்கிக்கொண்டு போவதைச் சன்னல் வழியே பார்க்கிறார். பிறகு சன்னல் பக்கம் நாற்காலியைக் கொண்டுபோவதையே—

மூன்றாவது: மாமா மெல்ல எழுந்து (அடித்துவிட்டேன். எழுத எளிதாக இருந்தது, அதனால்தான்.)

எந்தத் துளையில் போட்டாலும் நாளைக்கே மாற்றிவிடலாமே என்பீர்கள். மாற்றலாம்தான். ஆனால் அவர்கள் கண்ணில் பட்டது பட்டதுதானே.

மாமாவின் பாத்திரத்தின்மீது எனக்குச் சந்தேகமும் இருக்கிறது. இவ்வளவு பெருந்தன்மையா? ஒன்றை மூன்றாம் பகுதியில் எழுதாமல் விட்டேன். "கீழ மாட்டிடு" என்று சொன்னபோது அவர் கட்டைவிரல் அந்தச் சிவப்பு வட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. எழுதினால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமோ என்று பயந்தேன். இப்போது தோன்றுகிறது: சொன்னதும் உண்மை, தடவியதும் உண்மை. எனக்கு அழுகை வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

5

மாதங்கள் போய், மழையும் பெய்துவிட்டது. மாமா போன் செய்தார்.

"மரை நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. எனக்குத் தெரியாதா? எடுத்துட்டு வா. மண்ணு பதமா இருக்கு."

மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது கொட்டகையில் நிற்கிறேன். இனி வருவதை மனத்தில்தான் எழுதுகிறேன். போல்ட் போட வசதியாகக் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நாற்காலியில் மாமா, இந்தப் பக்கம் அக்கா. நடுவில் எஞ்சின் மறைக்கிறது. ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. பின்னால் நிற்கும் எனக்குத்தான் இரண்டும் தெரிகிறது.

மாமா தன் பக்கத்துக் கைப்பிடிக் காலைக் கீழ்த்துளைக்கு நேராக அழுத்திப் பிடித்திருக்கிறார். அக்கா தன் பக்கத்துக் காலை, அந்த வலது கையால், மேல்துளைக்குத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

"என்னடா பாத்துட்டு நிக்கிற? கை வலிக்குது," என்கிறாள் அக்கா.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்க" என்று நான் ஒருவரைக் கூப்பிட்டால் போதும், வந்தவர் மற்றவர் கையைப் பார்த்துவிடுவார். வாய் வரவில்லை. நான் அவளுக்குத் தம்பி, அவருக்கு மாப்ள. நீங்கள் இருவருக்கும் யாருமில்லை, உங்களால் முடியும். இந்தாருங்கள் போல்ட்டுகள், கிரீஸ் தடவியிருக்கிறது. யாரைக் கூப்பிடுவதென்றாலும் சீக்கிரம் கூப்பிடுங்கள், அவள் தோள் தாங்காது.