நீக்கப்பட்ட மூன்று மாடுகள்

பயிற்சியின் இரண்டாம் நாள் மத்தியானம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது உஸ்மா மேடம் போட்ட சட்டம். அவரவர் ஆராய்ச்சியின் தரவையும் அதை அலசிய படிகளையும் ஒன்று விடாமல் கோப்பாக்கிப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் கணினியில் ஓட்டி, அதே முடிவு வந்தால்தான் பாஸ். உள்ளூரான கோட்டைமேட்டில் பிறந்து, பெங்களூர் போய், இப்படிச் சரிபார்ப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர் உஸ்மா. அதிர்ந்து பேசமாட்டார். ஆனாலும் வகுப்பிலிருந்த பதினெட்டு ஆராய்ச்சியாளர்களில் பலரும் காலையிலிருந்தே தங்கள் கோப்புகளைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேஜஸ்ரீக்கு அந்தப் பதற்றம் இல்லை. துடியலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து நான்கு வருடம் செய்த வேலை. நாற்பத்தெட்டு காங்கேயம் மாடுகளின் ரத்தத்தை எடுத்து, உண்ணி அண்டாத மாடுகளின் மரபணுவில் என்ன விசேஷம் என்று தேடி, ஓர் இடத்தைக் கண்டுபிடித்தும் இருந்தாள். வரைபடத்தில் மற்ற புள்ளிகளெல்லாம், நம்பத்தக்க முடிவுக்கு எல்லையாகப் போட்ட கோட்டுக்குக் கீழே கிடக்க, அது ஒன்று மட்டும் மேலே நின்றது. அந்தப் புள்ளியை நம்பித்தான் ஆய்வேடு. பைண்டிங் ஆகி வந்துவிட்டது. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு.

பக்கத்து நாற்காலியில் ஈஸ்வரமூர்த்தி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வாடல் நோயை ஆராய்கிறவர், ஐம்பதை நெருங்குகிறார். அரைமணி நேரம் திரையை முறைத்துவிட்டுச் சட்டத்தை மீறினார்.

"ஏனுங்க அம்மணி, புள்ளி மேல வரலீங்களே. உங்க படத்துல நாப்பத்தஞ்சு மாடுதான். எனக்கு நாப்பத்தெட்டு வருதுங்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று மாடுகளை ஒரு நாள் தன் கணினி அட்டவணையிலிருந்து கையாலேயே அழித்திருந்தாள். அவள் எழுதிக்கொடுத்த எந்தப் படியிலும் அது ஏறவில்லை.

உஸ்மா வந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை, ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒருவர் உண்டு என்றார். நீக்கல் பட்டியல் என்று ஒன்றைத் திறந்து வைத்தார்.

"எடுக்கறதுல தப்பில்லீங்க. ஏன் எடுத்தீங்கன்னு மட்டும் எழுதிப்போடுங்க."

இரண்டு சுலபம். சந்தையில் வாங்கியவை, கலப்பு, சுத்தக் காங்கேயம் இல்லை. மூன்றாவது, முப்பத்தொன்றாம் எண், பழனியாத்தாள் என்ற விவசாயியின் மாடு. மூன்று தலைமுறையாக அந்தப் பட்டியிலேயே பிறந்தது. அதன் உடம்பில் ஓர் உண்ணி கிடையாது. மரபணுவில் அந்த இடத்தில் இருக்கவேண்டிய விசேஷமும் கிடையாது. முதல் இரண்டை எடுத்தபின்னும் புள்ளி கோட்டைத் தாண்டவில்லை. இதையும் எடுத்தாள், தாண்டியது. அன்றைக்குச் சந்தோஷத்தில் ஆய்வகம் முழுவதற்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "அதையுங் கலப்புன்னே போட்ருங்க அம்மணி. மாடு வந்து சாட்சியா சொல்லப்போகுது?"

கலப்பு என்று தட்டினாள். பிறகு அழித்துவிட்டு, 'முடிவு வராததால் நீக்கினேன்' என்று எழுதினாள். பக்கத்தில் அவள் பெயரும், மூன்று நாற்பத்திரண்டு என்று நேரமும் தானாக வந்து உட்கார்ந்தன. முப்பத்தொன்றைத் திரும்பச் சேர்த்து ஓட்டும்படி ஈஸ்வரமூர்த்தியிடம் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய், ஆய்வு வழிகாட்டியான ஸ்ரீனிவாஸ் சாரை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு கண்ணு, வியாழக்கிழமைக்கு ரெடிதான?"

"சார், முடிவு வரணும்னு ஒரு மாட்டை எடுத்திருந்தேனுங்க, இப்பத் திரும்பச் சேர்த்துட்டேன்" என்றபடி அவள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தியின் திரை முதல் மாட்டிலிருந்து எண்ண ஆரம்பித்திருந்தது.