நடுவில் நின்றவர்

இறந்த முன்னோரை அழைத்து வழியனுப்பும் ஓபோன் பண்டிகை முடிந்துவிட்டால், ஜப்பானின் அந்தக் கரையில் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். அதனால் விடுதியில் சுலபமாக அறை கிடைத்தது. ஓய்வுக்காக வந்திருக்கிறோம் என்று தோகுஜி நினைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கிகுனோவும் மகள் மிசாவோவும் வந்தது ஒரு புகைப்படத்துக்காக.

அவர் வயிற்றில் இருப்பது வெறும் புண் இல்லை என்று மருத்துவர் கிகுனோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் நோயாளியிடம் அதையெல்லாம் சொல்கிற வழக்கமில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஆனால் கிகுனோ ஒருநாள் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் பாயில் பரப்பிப் பார்த்தாள். பேருந்து ஓட்டியே காலத்தைக் கழித்த மனிதர் எல்லாப் படத்திலும் யார் முதுகுக்குப் பின்னாலோ, தொப்பியின் நிழலிலோதான் இருந்தார். இழவன்று பூக்களுக்கு நடுவே வைக்க, நேராகப் பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை. ஸ்டுடியோவுக்கு வாருங்கள் என்றால் எதற்கு என்று கேட்பார். துணிக்கடையில் வேலை பார்க்கும் மிசாவோ, வசந்தத்தில்தான் ஒரு பழைய கேமரா வாங்கியிருந்தாள்.

"நீதான் எடுக்கணும். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றாள் அம்மா.

முதல் நாள் காலை முழுக்க மிசாவோ எடுத்துத் தள்ளினாள். அப்பா படகில் சாய்ந்து நின்றார், வறுத்த கணவாய் தின்றார், பார்லித் தேநீர் குடித்தார். அவ்வளவு நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு சாக்குக் கிடைத்தது அவளுக்கு. எண் காட்டும் சக்கரமும் சுற்றிக்கொண்டே போனது. மதியம் சுருளைத் திருப்பிச் சுற்றப் போனபோதுதான் பிடியில் கனமே இல்லை என்று தெரிந்தது. ஃபிலிமின் நுனி உள்ளேயிருக்கும் பற்சக்கரத்தில் மாட்டவே இல்லை. போட்ட இடத்திலேயே அது சும்மா இருந்திருக்கிறது; ஒரு படமும் விழவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள். அம்மா முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.

மறுநாள் அப்பாவைப் பாறைமேல் உட்காரவைத்து, முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்று முன்னும் பின்னும் நகர்ந்தாள். பின்னால் வைத்த கால் பாசியில் வழுக்கியது. கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கடல்நீர் தேங்கிய இடுப்பளவுக் குழியில் உட்கார்ந்துவிட்டாள்.

"படம் பிடிக்கிறியா, நண்டு பிடிக்கிறியா?" என்று கேட்டு அப்பா சிரித்தார். எவ்வளவோ நாளாகக் காணாத சிரிப்பு. வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தார். மிசாவோவின் இரண்டு கைகளும் மேலே இருந்தன. அந்தச் சிரிப்பை எடுக்க ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் எடுத்துப் பார்த்தாள். விளக்கு வெளிச்சம் போதாது என்று தெரிந்தும் எடுத்தாள்.

கடைசி நாள் காலையில் வானம் வெளுத்தது. மதியம் பேருந்து. ஃபிலிமில் மிஞ்சியிருந்தது இரண்டே படம்.

குடும்பமாக ஒன்று எடுத்தால் அப்பா சந்தேகப்படமாட்டார், அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று மிசாவோ கணக்குப் போட்டாள். மதில்மேல் கேமராவை வைத்து, தானாக அழுத்திக்கொள்ளும் விசையை முறுக்கப் போனாள். அம்மா அவசரமாக விடுதிக்காரம்மாவையும் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று பேராகப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் முதலில் போய்விடுவார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பொம்மையையாவது நாலாவதாகச் சேர்த்துக்கொள்வார்கள். விடுதிக்காரம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கேமராவின் சட்டத்துக்குள் பார்த்தால் நாலு பேருக்கு இடமில்லை. அப்பாவின் பாதி முகம் வெளியே போனது. மிசாவோவுக்கு அந்த முகத்தைத் தவிர வேறு எதுவும் நினைப்பில் இல்லை. மன்னிக்கச் சொல்லி, வணங்கி, விடுதிக்காரம்மாவை அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா ஓரத்தில் நின்றிருந்தார். அம்மா அவரையும் காலியாக இருந்த இன்னொரு ஓரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மெல்ல நடுவிடத்துக்கு நகர்ந்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளினார்.

"அது என்னோட இடம்."

"என்னங்க, சும்மா இருங்க. நான் நிக்கறேன்."

"நீ போயிட்டா இவளுக்குச் சோறு யாரு பொங்கறது? நானா?" என்றார். பிறகு, திருப்பத்தில் வண்டியை ஒடிப்பதுபோல நிதானமாகச் சொன்னார்: "கிகுனோ, ஆஸ்பத்திரி வாசல்ல நீ கண்ணைத் துடைச்சிட்டு வந்தப்பவே எனக்குத் தெரியும்."

அம்மா அவர் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள். மிசாவோ விசையை முறுக்கிவிட்டு ஓடி வந்து மறுபக்கம் நின்றாள். விசை சீறிக்கொண்டே இருந்தது. பிறகு கிளிக் என்றது. மூவரும் எங்கே பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னும் இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணு இருக்குப்பா."

"அப்ப என்னை மட்டும் எடு. கிட்ட வா. தூரத்துல நின்னா நான் மீன்காரன் மாதிரி இருப்பேன்." தொப்பியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அவர் தலைமுடியை விரலால் ஒதுக்கிவிட்டாள். "சிரிக்கட்டுமா, வேணாமா?"

"உங்க இஷ்டம்பா."

மிசாவோ கண்ணை வைத்தாள். கேமராவுக்குள் அப்பாவின் முகம் இரண்டாகத் தெரிந்தது. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி வந்து ஒன்றாகப் பொருந்தின. மூக்கின் பக்கத்திலிருந்த மச்சமும் கண்ணோரச் சுருக்கமும் தெளிவாக இருந்தன. ஒளிக்க ஒன்றுமில்லாமல் அப்பா நேராக அவளையே பார்த்தார்.

"கொஞ்சம் இருங்கப்பா. இன்னும் சரியா வரலை" என்றாள்.

"அவசரமில்ல. நல்லாப் பாத்து எடு."

அவள் நன்றாகப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.