செவ்வாய்க்கிழமைப் பாவங்கள்

காலை ஐந்தரைக்கு வெந்நீர் வைத்தான். மனைவியைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தான். விரிப்பை மாற்றினான். மாத்திரை நான்கு, பால் ஆறு கரண்டி. மூக்குக்கண்ணாடிக் கடையை மதியத்துக்குமேல் திறந்துகொள்ளலாம். இன்று செவ்வாய்க்கிழமை, ஜெபக்குழு வரும்.

பத்து மணிக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். அவள் முதுகுத்தண்டில் வந்த கட்டி ஜெபத்துக்கு ஏன் கரையவில்லை என்பதற்கு ஜெபத்தலைவி முதல் வாரமே காரணம் கண்டுபிடித்திருந்தார். நோயாளி எதையோ மறைக்கிறாள். அந்தப் பாவம் வெளியே வந்தால்தான் சுகம் உள்ளே வரும். அதிலிருந்து வாராவாரம் படுக்கையைச் சுற்றி விசாரணை.

அவளும் குறை வைக்கவில்லை. முதல் வாரம், பள்ளிப் பரீட்சையில் பார்த்து எழுதியதைச் சொன்னாள். அடுத்த வாரம், மாமியாரின் சமையலைப் பொய்யாகப் புகழ்ந்ததை. கையிருப்பு தீர்ந்ததும் கணவனின் பாவங்களில் இரண்டை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டாள். ஐவரும் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். கட்டி மட்டும் அசையவில்லை.

வீட்டுக்கு நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுவரச் சொல்லி இரண்டு மாதமாகப் போதகரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஆசை எதுவும் அவளுக்கு மிச்சமில்லை. தலைவி சரி என்றால்தான் போதகர் வருவார்.

"அவிசுவாசத்தோட அப்பத்தத் தொடக்கூடாதும்மா. மறைக்கிறதச் சொல்லிடு, நாளைக்கே ஐயாவ அனுப்புறேன்" என்றார் தலைவி.

"எல்லாம் தீந்துபோச்சுக்கா. நீங்க யாராவது ஒண்ணு ரெண்டு குடுத்தாத்தான் உண்டு."

ஒருத்தி சிரிப்பை இருமலாக்கினாள். தலைவி அவளை முறைத்துவிட்டு, விசுவாசத்தைப் பற்றிய வசனத்தை வாசிக்க வேதத்தை விரித்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம். கண்ணாடியக் கழட்டிட்டு வாசிங்களேன்" என்றாள் படுக்கையில் இருந்தவள்.

அந்த அறையில் ஐந்து மூக்கின்மேலும் இருந்தவை அவன் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிகள். தலைவியின் பவர் வருஷத்துக்கு வருஷம் ஏறுவது அவனுக்குத் தெரியும். அதனால் மனைவிக்கும் தெரியும்.

"வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும். அது வேற."

"அது என்ன பாவம்னு உங்கள யாரும் கேக்கலையேக்கா" என்றாள், மெதுவாகத்தான்.

தலைவி வேதத்தை மூடினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இந்த வீட்டுக்கு இனிப் போதகர் வரமாட்டார் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் உள்ளே வந்து, ஆண்டவர்மேல் கோபமா என்று கேட்டான். அவர்மேல் என்ன கோபம் என்றாள். சுகம் தராவிட்டால் போகட்டும், பக்கத்தில்தானே இருக்கிறார். கேட்டதைத் தரவில்லை என்று இத்தனை வருஷப் பழக்கத்தை முறித்துக்கொள்வதா என்றாள்.

அவன் பழக்கடைக்குப் போய்த் திராட்சை வாங்கிவந்து பிழிந்தான். ரொட்டியின் ஓரத்தை நறுக்கி எடுத்தான். குருப்பட்டம் பெறாத கையால் பிட்டு, நனைத்து, ஊட்டினான். அவள் கண்ணை மூடி மென்றாள். பிறகு ஒன்று சொன்னாள். அன்று மாலை நினைவு தப்பியது. வியாழக்கிழமை அடக்கம்.

சபைப் பத்திரிகையில் போட, கடைசியாக ஏதாவது வசனம் சொன்னாளா என்று கல்லறைத் தோட்டத்து வாசலில் தலைவி கேட்டார். அவன் உள்ளபடி சொன்னான். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

"இன்னொரு துண்டு குடுங்க. ஆண்டவர் ஒண்ணும் கஞ்சன் இல்ல."