குவைத்திலிருந்து வந்த வாய்ஸ்

என் மகன் உசாமாவைப் போல ஒரு கூறுகெட்டவனை எங்கும் பார்க்க முடியாது. குவைத்தில் ஏசி மெக்கானிக். வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதில் மட்டும் அப்படியொரு சுறுசுறுப்பு.

கொரோனா இரண்டாம் அலை அடித்த வருஷம். என் மருமகள் இஃப்பத்துக்கு ஐந்து மாதம். கர்ப்பிணிகளும் தடுப்பூசி போடலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன அன்றே இவன் வாய்ஸ் வந்தது.

"அம்மா, ஊசி போட்டா புள்ள தங்காதாம். இஃப்பத்தைப் போட விட்டுடாதீங்க."

எவனோ ஃபேஸ்புக் வீடியோவில் உளறியதைத் தானே கண்டதுபோல் சொன்னான். இஃப்பத் அதைத் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் டாக்டர் சொன்னால் யோசிப்போம். வெளிநாட்டில் இருக்கும் ஆம்பளை சொன்னால் அதோடு முடிந்தது. தடுப்பூசி முகாமுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருத்தியும் போகவில்லை.

அதற்குள் அடுத்த தெருவில் ஒரு கர்ப்பிணி கொரோனாவில் மூச்சுத் திணறி மௌத்தாகிவிட்டாள். போட்டால் பிள்ளை போய்விடுமோ, போடாவிட்டால் மருமகளே போய்விடுவாளோ? யா அல்லாஹ், யாரைக் கேட்பேன்!

என் தம்பி பெண்டாட்டி மர்ஜியாதான் வழி கண்டாள். தம்பியும் குவைத்தில்தான். வீடியோ காலில் பேசிக்கொண்டே அவன் ஒரு கடைக்குள் நுழைந்தபோது, வாசலில் காவலாளி நிறுத்தி ஊசி போட்டதற்கு அத்தாட்சி கேட்டதைப் பார்த்திருக்கிறாள்; அப்படியானால் உசாமாவும் போட்டிருப்பான் என்று கணக்குப் போட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவள் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உசாமா பேசும் நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ ஊசி போட்டுட்டியா?"

"ரெண்டும் போட்டாச்சு மாமி. போடலன்னா வேலைக்கே விட மாட்டான்."

"வூட்ல ஏன் சொல்லல?"

"அம்மா பயப்படுவாங்கன்னுதான்..."

"அடப்பாவி! உனக்கு மட்டும் உசுரு வெல்லமா?" என்று நான் கத்தினேன்.

மர்ஜியா என் கையைப் பிடித்தாள். "விடுங்க மதினி, போனை வச்சிடப் போறான்." பிறகு அவனிடம் சொன்னாள்: "நான் சொன்னா எடுபடாது தம்பி. உன் வாயாலதான் பயம் வந்துச்சு, உன் வாயாலயே போகட்டும். நீ போட்டதச் சொல்லு. அந்த வீடியோ யாரு எடுத்ததுன்னே தெரியாதுன்னும் சொல்லு."

"ரூம்ல எல்லாரும் சிரிப்பாங்க மாமி."

"சிரிக்கட்டும். உன் பொண்டாட்டி உசுரோட இருக்கணுமா, வேணாமா?"

அனுப்பினான். இஃப்பத் அதையும் குரூப்பில் போட்டாள். பிறகு ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்க, ஊசி போட்ட கதை வீட்டுக்கு வீடு வெளியே வந்தது.

"அவங்க போட்டது சரி. என் வயித்துல புள்ள இருக்கே?" என்றாள் இஃப்பத். நியாயமான கேள்வி. அதற்கும் மர்ஜியா கோபப்படவில்லை. பெரம்பலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், லேடி டாக்டர் முன்னால் உட்காரவைத்து, பயம் தெளியும்வரை கேட்கவிட்டாள். அடுத்த முகாமில் இஃப்பத் முதல் ஆளாகக் கையை நீட்டினாள். தெருவே பின்னால் நின்றது. மர்ஜியாவை இத்தனை வருஷமாக வாயாடி என்றே நினைத்திருந்தேன். அவள் பேச்சில் இருந்த பொறுமை எனக்கு எந்தக் காலத்துக்கும் வராது.

ஒன்பதாம் மாதம் இஃப்பத்துக்கும் கொரோனா வந்தது. காய்ச்சலும் இருமலுமாக நாலைந்து நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போனது. பெண் குழந்தை பிறந்தது.

"புள்ள மொகத்தக் காட்டுங்கம்மா" என்று உசாமா போனில் பறந்தான்.

குழந்தை மர்ஜியா மடியில் இருந்தது. நான் போனை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"மொதல்ல உங்க மாமிக்கு சலாம் சொல்லுடா. அப்புறம் புள்ளையப் பாரு."

சொல்லத் தொடங்கினான். முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.