மடி கட்டிக்கொண்ட பிரவுசர்

ஹைமவதிக்கு நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு வேலை கிடைத்திருந்தது. முழுசாகக் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வார்களாம். சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று எழுதுகிறவர்களுக்கு வீட்டில் இருந்தபடியே வழி சொல்ல வேண்டும். முதல் நாள் காலை பத்து மணிக்குள் கம்பெனியின் தளத்துக்குள் நுழையாதவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம் என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

மணி ஒன்பதே கால். ஹைமவதியால் நுழைய முடியவில்லை.

ஊரார் கம்ப்யூட்டரைச் சரிசெய்யக் கிளம்பியவளுக்கு அவள் கம்ப்யூட்டரே கதவைத் திறக்கவில்லை. வெளியே தெரிந்தால் சன்னதித் தெருவிலிருந்து ஊர்க்கோடி வேங்கிக்கால் வரை சிரிக்க மாட்டார்களா?

சங்கதி இதுதான். அந்தத் தளத்தில் பாஸ்வேர்டு என்று தட்டுவதற்கு எதுவும் கிடையாது. பாஸ்கீ என்று ஒரு சாவி. அது அவள் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் லாக்கருக்குள் இருக்கிறது. பிரவுசர் கேட்க வேண்டும், லாக்கர் கொடுக்க வேண்டும். நடுவில் புகுந்து கையால் எடுத்துக் கொடுக்க மனுஷருக்கு வழியில்லை. கம்பெனி கேட்பதற்கு முன்பே அந்த லாக்கரை அவள் போட்டது புருஷர் தண்டாயுதபாணி குருக்களால்தான். மனுஷர் வீட்டுப் பாஸ்வேர்டையெல்லாம் தினசரி காலண்டர் தாளில் எழுதுவார், மறுநாள் காலையில் பக்தி சிரத்தையாகக் கிழித்துப் போட்டுவிடுவார்.

போன மாதம் பழைய பிரவுசரில் அந்தச் சாவியை உண்டாக்கி லாக்கரில் வைத்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பொங்கலுக்கு முன்னால், பிரவுசரின் புதுப் பதிப்பு வேண்டும் என்று கம்பெனி எழுதியது. கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கென்று கம்பெனி எல்லாரையும் போடச் சொன்ன லினக்ஸில் இருக்கிற மென்பொருள் கடையிலிருந்து அதை இறக்கிக்கொண்டாள். அதோடு விட்டாளா? மறுநாள் போகி. கிழிந்த பாயையும் ஓட்டை முறத்தையும் தெருவில் போட்ட கையோடு, பழைய பிரவுசரையும் வேரோடு பிடுங்கி எறிந்தாள். கம்ப்யூட்டருக்குப் போகி கொண்டாடிய ஒரே மனுஷி இந்த ஊரில் இவளாகத்தான் இருப்பாள்.

இப்போது திரும்பிப் போகவும் இடமில்லை. புதுப் பிரவுசரோ 'லாக்கரோடு இணைக்க முடியவில்லை' என்றே பல்லவி பாடியது. இரண்டையும் மூடித் திறந்தாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். லாக்கரை இணைக்கும் துணை நிரலைக் கழற்றி மாட்டினாள். லாக்கரின் அமைப்புக்குள் போய் அனுமதி கொடுத்தாயிற்றா என்று மூன்று தடவை பார்த்தாள். ஊஹூம். முப்பது விண்ணப்பம் போட்டு, 'முன் அனுபவம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டு விட்டு, கடைசியில் வந்த ஒரே வேலை இது.

"ஹைமா, அந்த வில்வக் கூடையை எடு" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. குருக்கள் குளித்து, மடி வேஷ்டி கட்டி, கோயிலுக்குக் கிளம்பி நின்றார். அவள் இருந்த பதற்றத்தில் கூடையோடு நேரே அவர் கைக்கே போனாள். அவர் இரண்டடி பின்னால் குதித்தார்.

"கிட்ட வராதே, மடியா இருக்கேன், மேல பட்டுடப் போறது. மணையில வெச்சுட்டுத் தள்ளி நில்லு, நான் எடுத்துக்கறேன்."

கூடையை வைத்தாள். தள்ளி நின்றாள். நின்றவள் அப்படியே திரும்பி அறைக்குள் ஓடினாள்.

மென்பொருள் கடையில் அந்தப் பிரவுசரின் பக்கத்தைத் திறந்து, முதலில் படிக்காமல் விட்ட பொடி எழுத்தைப் படித்தாள். இந்தப் பதிப்பு பாதுகாப்புக்காக அடைத்த பெட்டிக்குள் ஓடும், வெளியே உள்ள மற்ற மென்பொருள்களைத் தொடாது.

"அடப்பாவி, நீயும் மடியா?" என்றாள் திரையைப் பார்த்து.

அதைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ட தளத்துக்கும் போய் வருகிற பிரவுசர் வீட்டுச் சாமான் மேல் கை வைக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் லாக்கர் அந்தப் பெட்டிக்கு வெளியே நிற்கிறதே. இது கேட்பது அதற்கு எட்டவே எட்டாது. அதே பிரவுசர், அதே புதுப் பதிப்பு, பெட்டி இல்லாமல், அதைத் தயாரித்தவர்களின் தளத்திலேயே இருந்தது. இறக்கினாள். நெட் நொண்டியது, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நிறுவி, துணை நிரலை மாட்டியதும் லாக்கர் தானே எழுந்து, 'இந்தப் பிரவுசரை அனுமதிக்கலாமா?' என்று கேட்டது.

"பேஷா" என்று சொல்லியே பொத்தானை அழுத்தினாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு உள்ளே நுழைந்தாள். புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரின் பெயர்கள் திரையில் வரிசையாக இருந்தன. பச்சை விளக்கு அவள் பெயருக்கு மட்டும்தான்.

போன் அடித்தது. கம்பெனியில் இவர்களுக்குப் பொறுப்பாளரான கீர்த்தனா.

"மேடம், நீங்க எப்படி உள்ள வந்தீங்க? மீதி ஏழு பேரும் வெளிய நிக்கறாங்க. நாங்க பிரவுசரை மாத்தச் சொன்னதுலதான் ஏதோ ஆயிடுச்சு போல. எனக்கும் புரியல. எல்லாரும் இதே லைன்ல இருக்காங்க, கொஞ்சம் சொல்றீங்களா?"

ஹைமவதி சொன்னாள். "உங்க பிரவுசர் மடியா உக்காந்துண்டிருக்கு. யாரையும் தொடாது. லாக்கர் வாசல்ல சாவியோட நிக்கறது. வாங்கிக்க ஆளில்ல."

"ஒம்போது மணிலேர்ந்து முட்டிகினு கிடக்கேங்க" என்றது ஒரு குரல். கீழ்பென்னாத்தூர் அன்பரசன். "அப்ப மடி இல்லாத பிரவுசரைப் போடணும், அவ்ளோதானே?"

"அவ்வளவேதான். எங்க கிடைக்கும்னு சொல்றேன். யாரும் அவசரப்பட வேண்டாம், ஒவ்வொருத்தரா வருவோம்."

கீர்த்தனா அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தாள். ஒருத்தருக்குத் துணை நிரல் மாட்ட மறந்திருந்தது, ஒருத்தர் லாக்கரையே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஹைமவதி யாரிடமும் சலித்துக்கொள்ளவில்லை. பத்து இருபத்தைந்துக்கு எட்டு விளக்கும் எரிந்தன. அன்பரசன் கைதட்டியது எல்லாருக்கும் கேட்டது.

மற்றவர்கள் போனதும் கீர்த்தனா கேட்டாள். "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க மேடம்?"

"எங்கேயும் இல்லம்மா. இதுதான் முதல்."

அந்தப் பக்கம் கீர்த்தனா எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஹைமவதிக்குப் பகீரென்றது. உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டோமோ?

"சிக்கிக்கிட்டவங்களுக்குப் பொறுமையா வழி சொல்றீங்களான்னு பார்க்கத்தான் இந்தப் பத்து நாள்" என்றாள் கீர்த்தனா. "அதைத்தான் இப்பப் பார்த்துட்டேனே. வேலை உங்களுக்குத்தான் மேடம். ஆர்டரை இன்னிக்கே அனுப்பச் சொல்றேன்."

ஹைமவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, திரையில் காத்திருந்த முதல் ஆளின் குறையைப் படிக்கத் தொடங்கினாள்.