வாசுவின் சட்டை

கம்ப்யூட்டர் திரையில் இருந்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். "அங்கிள், இது வயசான எலும்பு வலி மட்டும் இல்ல. இடுப்புக்குள்ள இரும்புத் துண்டு கிடக்குது. ரொம்ப வருஷமா இருந்திருக்கும், இப்பதான் நகர ஆரம்பிச்சிருக்கு. நீங்க ஆர்மியில இருந்தீங்களா?"

தயாளனுக்கு இடது காது கேட்காது. டாக்டர் உட்கார்ந்திருந்ததோ வலது பக்கம். ஆனாலும் அவர் காதில் விழாதவர்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தாரு டாக்டர்" என்றாள் அவர் மனைவி நவமணி. "எழுபதுகள்ல. கம்யூனிஸ்ட்டுகளைத் தேடி கிரிக் காட்டுப் பக்கம்."

அவர் இடுப்பில் இருந்த தழும்பைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், காட்டில் வழுக்கி மரக்கட்டை மேல் விழுந்ததாகத்தான் அவர் சொல்லி வந்தார். மரக்கட்டை உடம்புக்குள் இரும்பை விட்டுவிட்டுப் போகாது என்பது தெரிய அவளுக்கு டாக்டர் தேவையில்லை.

முன்னாள் படைவீரர் என்றால் அவர்களுக்கான மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், பணிப் பதிவில் காயம் இருந்தால் போதும் என்றார் டாக்டர். நவமணி துறைமுகத்தருகே ஒரு கப்பல் முகவரிடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மலாயில் கடிதம் எழுதுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மறுநாளே எழுதிப் போட்டாள்.

வந்த பதிலை ஜெலுத்தோங் ஃபிளாட்டின் வாசலில் நின்றபடியே படித்தாள். காயம் எதுவும் பதிவாகவில்லை. மாறாக, எழுபத்தைந்தாம் ஆண்டில் ஆறு மாதம் முகாமை விட்டுத் தப்பி ஓடியவர், அதற்காகச் சிறைக்காவலில் வைக்கப்பட்டவர் என்று இருந்தது.

ஓடியவராம். போன வருஷம் கீழ்மாடியில் தீப்பிடித்தபோது, நொண்டிக்கொண்டே புகைக்குள் போய்ச் சீனக் கிழவி ஒருத்தியை இழுத்து வந்த மனிதர் இவர்.

"தப்பா எழுதி வச்சிருக்கான். திருத்தணும்" என்றாள்.

"எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும் மணி. விடு."

"ஓடுனவர் உடம்புக்குள்ள இரும்பு எப்படிங்க வரும்?"

அவர் நடைபாதைக்குப் போய், கீழே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மேசையில் உட்கார்ந்து பதிவைத் திருத்தக் கோரும் மனுவை எழுத ஆரம்பித்தாள். கையெழுத்துக்கு நீட்டியபோது அவர் பேனாவை வெகுநேரம் பிடித்திருந்தார். அன்று இரவெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியவர்தான். இவளோ ஒரு முடிவோடு எதிரே நிற்கிறாள். கடைசியில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அலுவலகத்தில் அந்த மனு ஃபஸீலா என்ற அதிகாரியிடம் போயிற்று. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண், தமிழ் பேசுவாள். அக்கறையாகத் தேடிப் பார்த்துவிட்டு இருவரையும் அழைத்தாள்.

"அந்த வருஷம் பிப்ரவரியில கிரிக்ல கண்ணிவெடி வெடிச்சது உண்மைதான் ஆண்ட்டி. ஆனா அதுல அடிபட்ட இந்தியர் ஒருத்தர்தான்னு இருக்கு. ஆகஸ்ட் வரைக்கும் இராணுவ ஆஸ்பத்திரியில இருந்திருக்காரு. பேரு வாசு. தகப்பனார் அய்யாக்கண்ணு."

நவமணி சிரித்துவிட்டாள். "அது எங்க அண்ணன்லா."

வாசுவைத் தெரியாத முன்னாள் சிப்பாய் பட்டர்வொர்த்தில் கிடையாது. அங்கே அவர்தான் சங்கத் தலைவர். வருஷா வருஷம் மலர்வளையம் வைப்பது அவர், வெடித்த கதையை இளைஞர்களுக்குச் சொல்வதும் அவர்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் ஃபஸீலா. "அங்கிளும் கூட இருந்து அடிபட்டாருன்னு அவர் வாக்குமூலம் குடுத்தா போதும். இன்னைக்கே அவருக்குக் கடிதம் அனுப்பிடறேன்."

தயாளன் எழுந்துவிட்டார். "வேணாம்மா. மனுவைத் திருப்பிக் குடுத்துடு."

"இப்ப முடியாது அங்கிள், கோப்பு திறந்தாச்சு. பதிவு தப்புன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இல்லன்னு இப்ப வாங்கிக்கிட்டா பொய் மனு குடுத்ததா ஆயிடும். அதுக்கும் விசாரணை உண்டு."

பஸ் நிறுத்தத்தில் நவமணி விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தாள். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை என்று ஃபஸீலா சொன்னது அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்தை அவளால் மறக்க முடியாது. பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அவளை நிறுத்திய வருஷம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு மஞ்சள் காமாலை, லீவில் வந்திருக்கிறான், அக்கம்பக்கத்தில் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிப் பின்னறையில் படுக்க வைத்தார். தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். ஆஸ்பத்திரியில் கிடந்ததெல்லாம் வேறொரு வருஷம் என்றுதான் வீட்டில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால், வாசுவின் கண்ணில் மஞ்சளே இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "அந்த ஆறு மாசம் அண்ணன் எங்க வீட்டுப் பின்னறையில இருந்தாரு. ஆஸ்பத்திரியில கிடந்தது யாரு?" என்று கேட்டாள்.

தயாளன் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி மறைக்க முடியாது என்று தெரிந்த பிறகு அவர் சுற்றி வளைக்கவில்லை.

வெடிப்புக்கு முந்தின வாரம் கூட இருந்த ஒருவன் கண்ணெதிரே கால் சிதறிச் செத்தான். அன்றிலிருந்து வாசு சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒரு நாள் மழையில் எல்லோரும் நனைந்து கிடந்தபோது சொல்லாமல் போய்விட்டான். அவன் விட்டுப்போன பையில் காய்ந்த சட்டை ஒன்று இருந்தது. தயாளன் அதைப் போட்டுக்கொண்டார். மார்பில் வாசு என்று பெயர்த் துணி. விடிந்ததும் வெடித்தது.

"தாடை உடைஞ்சு போச்சு, முகமெல்லாம் கட்டு. பேச முடியல. சட்டையப் பாத்து என்னை வாசுன்னு எழுதிட்டாங்க. ஆள் எண்ணிப் பாத்தப்ப தயாளனக் காணோம். ஓடிட்டான்னு எழுதிட்டாங்க. மகனுக்கு அடிபட்டுச்சுன்னு உங்க அப்பாவுக்குத் தந்தி போச்சு. அவர் வந்து பாத்தாரு. கட்டில்ல நான் கிடக்கேன்."

"அப்பா என்ன செஞ்சாரு?"

"காலைப் புடிச்சாரு. எம்மவன் பயந்துட்டான், அவன் திரும்பி வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்னு அழுதாரு. எனக்குன்னு யாரு இருந்தா? தலைய ஆட்டிட்டேன். நான் எழுந்திரிக்கிறப்ப எனக்குக் குடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டோட வாசு முகாமுக்குப் போயிட்டான். எங்க ஆளுங்களை அதுக்குள்ள வேற எடத்துக்கு மாத்தியிருந்தாங்க, கேக்க ஆளில்ல. நான் ஓடுனவன் மாதிரி போய் நின்னேன். கொஞ்ச நாள் உள்ள வச்சு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். பேப்பர்ல இருக்குறது இத்தனை வருஷம் கூட வரும்னு யாருக்குத் தெரியும்?"

நவமணிக்கு வேறொன்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுக்குப் பதிலாத்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்களா?"

"உங்க அப்பா அப்படி நெனச்சிருக்கலாம். நான் அப்படி நெனக்கல."

"என்னை யாராவது கேட்டீங்களா?"

அப்பா ஒரு நாள் வந்து, நல்ல பையன், உனக்குப் பார்த்தாகிவிட்டது என்று சொன்னதும், யாரோ ஒரு சிப்பாயை ஏன் இவ்வளவு அவசரமாக என்று அம்மா முணுமுணுத்ததும் அவளுக்கு நினைவு வந்தன. தயாளன் நல்ல கணவர்தான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் தன் வாழ்க்கையின் வாசற்கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்கள் என்பதும், இத்தனை காலம் தான் அதைக் கதவென்றே எண்ணாமல் இருந்ததும் அன்று தெரிந்தது.

மறுநாள் தனியாக ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போனாள். வாசுவின் கையில் ஃபஸீலாவின் கடிதம் இருந்தது. தங்கையைக் கண்டதும் மருமகளை உள்ளே அனுப்பிவிட்டார்.

"தயா சொல்லிட்டானா?"

"நான் கேட்டேன், சொன்னாரு."

வாசு கடிதத்தை நான்காக மடித்தார். மெலிந்துபோயிருந்தார். சங்கத்துச் சட்டை அவர் தோளில் தொங்கியது. "எனக்கு இருபத்திமூணு வயசு மணி. கூட இருந்தவனோட கால் மரத்துல தொங்குச்சு. அதப் பாத்த பிறகு என்னால முடியல."

"பயந்தத நான் தப்புன்னு சொல்லலண்ணே. அவருக்கு ஆப்பரேஷன் பண்ணணும். நீங்க உண்மையச் சொல்லுங்க."

"சொல்லிட்டு எந்த முகத்தோட வெளிய போவேன்? எங்க பேரப்பசங்க பள்ளிக்கூடத்துல என்னைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறாங்க." பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நான் அந்த ரூம்ல இருந்தது தெரிஞ்சவங்க எல்லாம் போயிட்டாங்க. நீ ஒருத்திதான் இருக்க."

அவர் மிரட்டவில்லை, கெஞ்சத்தான் செய்தார். திரும்பும் ஃபெரியில் கூட்டமே இல்லை. எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். நவமணி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். அண்ணனையும் செத்துப்போன அப்பாவையும் காப்பாற்ற வேண்டுமானால், புருஷனை ஓடியவர் என்று விட வேண்டும். புருஷனைக் காப்பாற்ற வேண்டுமானால், கீழாநெல்லி அரைத்த கையாலேயே அண்ணனைத் தள்ள வேண்டும். மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றால் அந்த வழியையும் தானே அடைத்தாயிற்று. எழுதச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

விசாரணை அன்று ஒரு மூத்த மலாய் அதிகாரி நடுவில் இருந்தார், ஃபஸீலா பக்கத்தில். வாசுவிடமிருந்து பதில் வரவில்லை என்று அவள் சொன்னாள். அதிகாரி தயாளனிடம் மரியாதையாகவே கேட்டார்: அந்த ஆறு மாதம் எங்கே இருந்தீர்கள்?

"ஓடிட்டேன் துவான்" என்றார் தயாளன் மலாயில். "பதிவு சரி. மனுதான் தப்பு."

"அப்படியானால் உடம்புக்குள் இருக்கும் இரும்பு?"

"தெரியாது."

அதிகாரி பேனாவை எடுத்தார். தயாளனின் முகம் அமைதியாக இருந்தது. இந்தப் பொய்க்குள்ளேயே குடியிருந்து அவருக்குப் பழகிவிட்டது, இனி மிச்ச நாளையும் அதிலேயே கழித்துவிடுவார். தன்னையும் கூட வைத்துக்கொண்டு. நவமணி எழுந்து நின்றாள்.

"அவர் ஓடல" என்றாள், மலாயை மறந்து தமிழிலேயே. "அந்த ஆறு மாசமும் எங்க அண்ணன் வாசு எங்க வீட்டுப் பின்னறையில ஒளிஞ்சிருந்தாரு. சோறு குடுத்தது நான். ஆஸ்பத்திரியில அவர் பேர்ல கிடந்தது இவர்."

ஃபஸீலா மொழிபெயர்க்கச் சற்று நேரமாயிற்று. தயாளன் மனைவியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு வாசுவை நேரில் வரச் சொல்லி உத்தரவு போயிற்று. வந்தார். மறுக்கவில்லை. ஓடியதையும் சட்டையையும் ஒப்புக்கொண்டார். தயாளனிடம் கெஞ்சியது தான் ஒருவன்தான், தன் தகப்பனாருக்கு இதைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஃபஸீலா அதை நவமணிக்குப் படித்துக் காட்டினாள்.

"இதுல ஏதாச்சும் திருத்தணுமா ஆண்ட்டி?"

கட்டிலில் கிடந்தவனின் காலைப் பிடித்து அழுத அப்பாவை நவமணி நினைத்துக்கொண்டாள். தன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியவர், தன்னைக் கேட்காமல் கொடுத்தவர். அவரைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் வாசுவின் பேரில் இரண்டாவது பொய்யும் பதிவாகிவிடும்.

"இல்லம்மா. எல்லாம் சரிதான்" என்றாள்.

பதிவு திருத்தப்பட்டது. விசாரணையில் பொய் சொன்னதற்காகத் தயாளனுக்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வாசு சங்கத் தலைமையை விட்டு விலகினார், வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று கேள்வி. தயாளன் நவமணியோடு பேசினார், ஆனால் மருந்து, சாப்பாடு என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், வார்டில் தாதி, உடம்பிலிருந்து எடுத்த இரும்பைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். வேண்டுமா என்று கேட்டாள். தயாளன் வேண்டாமென்று கையை ஆட்டினார். அவள் போன பிறகு, கேட்கும் காதை மனைவி பக்கம் திருப்பினார்.

"உங்க அண்ணனுக்குப் போன் போட்டியா?"

"தெனமும் போடறேன். எடுக்க மாட்டேங்கிறாரு."

"நாளைக்கும் போடு" என்றார். "எடுத்தா எங்கிட்ட குடு."