நாலு நாள் பாக்கி

"அவசரப்படாதீங்க அக்கா. முதல்ல தலைக்கு அடியில கைய விடுங்க. ஐயா முகத்தைப் பார்த்துக்கிட்டே திருப்பணும்."

நர்ஸ் சொன்னபடியே மகள் ஒரு கையைத் தலைக்கடியிலும் மற்றொன்றைத் தோளுக்கடியிலும் கொடுத்தாள். மூன்று எண்ணுவதற்குள் அப்பா சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு முனகல்கூட இல்லை. இத்தனை நாளும் அவள் தனியாகப் புரட்டியபோதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டது நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எங்கே கத்துக்கிட்டீங்க இதை?"

"பயிற்சியில ஒரு படம் போடுவாங்க அக்கா. 'படுக்கைப் புண் தடுப்பு, பாகம் இரண்டு'ன்னு. பேரைக் கேட்டதுமே நாங்க தூங்கத் தயாராயிட்டோம்." நர்ஸ் போர்வையைச் சரிசெய்தபடி சிரித்தாள். "மத்த படத்துல எல்லாம் கையைத்தான் காட்டுவாங்க. இதுல அந்தப் பெரியவர் முகத்தைக் காட்டுறாங்க. மகன் அவரைத் திருப்புறாரு. அவர் கூரையைப் பார்த்துக்கிட்டே இருக்காரு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சன்னல் தெரியுது. அவ்வளவுதான். அறுபது பேரும் அழுதுட்டோம். ஏன்னு இன்னைக்கும் தெரியல. அதுக்கப்புறம் எங்க செட்டுல யாரும் நோயாளிய மூட்டை மாதிரி புரட்டினதில்ல."

மகள் போர்வை நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"அந்தப் படத்தை எடுத்தது இவர்தான்," என்றாள்.

நர்ஸ் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். இரண்டு நாளாகத் தான் துடைத்துவிட்ட உடம்பு அது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள், பெரிய மனிதர் முன்னால் நிற்பதைப் போல.

மகளுக்கு அப்படி நிற்கத் தோன்றியதே இல்லை. ஆஸ்பத்திரி, தீயணைப்பு, சாலைப் பாதுகாப்பு என்று அப்பா எடுத்த பயிற்சிப் படங்கள் நாற்பத்தேழு என்பது தெரியும். ஒன்றைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. அவற்றில் அவர் பெயரும் வராது.

பெயர் வந்த படங்கள் இரண்டு. அவள் குழந்தையாக இருந்தபோது வந்தவை. இரண்டையும் எடுத்தது ஊரிலேயே பெரிய ஸ்டூடியோ. ஐந்து தளம், நடிகர்களின் உடைக்கென்று தனியாக ஒரு சலவைக்கூடம், இருநூறு தச்சர்கள். "ஒன் மோர், ஒன் மோர்" என்று விடாமல் எடுப்பதால் அங்கே அவருக்கு 'ஒன்மோர்' என்றே பெயர். மூன்றாவது படத்துக்காக மூன்றாம் தளத்தில் ஒரு தெருவையே கட்டியிருந்தார்கள். நாலு நாள் படப்பிடிப்புதான் பாக்கி. அப்போது ஸ்டூடியோ கைமாறியது. வாங்கியது தொலைபேசி விற்கும் கம்பெனி. ஒரு திங்கட்கிழமை காலை, அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒன்பது இயக்குநர்களையும் திரையிடும் அறைக்கு வரச்சொன்னார்கள். அவர்களுடைய படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத ஒருவர் எழுந்து நின்று, ஓடிக்கொண்டிருக்கும் வேலை எல்லாம் இன்றோடு நிற்கிறது என்றார். எடுத்தவரை எல்லாம் கம்பெனியின் சொத்து. பெட்டியில் வைத்துப் பூட்டப்படும். பேச்சு முடிய ஏழு நிமிடம் ஆயிற்றாம். மறுவாரமே தெருவைப் பிரித்துவிட்டார்கள்.

ஒன்பது பேரும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஒருவர் தொலைக்காட்சித் தொடருக்குப் போய்ப் பெரிய ஆளானார். ஒருவர் வீடு விற்கும் தரகரானார். ஒருவர் சாகும்வரை மாதம் தவறாமல் புதிய நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். அப்பா ஏறி இறங்காத படியில்லை. 'பாதியில நின்ன படத்துக்காரன்' என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் அரசாங்கத்தின் பயிற்சிப் படப் பிரிவில் சேர்ந்தார்.

பத்தொன்பது வயதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டுவிட்டாள். "ஏம்ப்பா, நீங்க தோத்துப்போயிட்டீங்கன்னு உங்களுக்காவது தெரியுமா?" அப்பா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அதற்குப் பிறகு இருபது வருடம் இருவரும் வானிலை, மருந்து, சாவி இவற்றைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள். ஏழு வருடத்துக்கு முன் அம்மா போனபிறகு அதுவும் குறைந்தது.

இப்போது அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள்.

"அப்பா, இவங்க உங்க படத்தைப் பார்த்திருக்காங்க. படுக்கைப் புண் படம்."

கண் திறந்தது. நர்ஸைத் தேடிக் கண்டுபிடித்தது. உதடு அசைய வெகுநேரம் பிடித்தது.

"எத்தனை பேரு?"

"அறுபது பேரு சார்." அதுவரை ஐயா என்றவள் சாருக்கு மாறியிருந்தாள்.

"கடைசி ஷாட்டுல... யாராவது இருமினாங்களா?"

நர்ஸுக்குப் புரியவில்லை. ஆனால் யோசித்து, நேர்மையாகப் பதில் சொன்னாள். "இல்ல சார். ஒருத்தரும் இருமல. படம் முடிஞ்சப்புறமும் யாரும் எந்திரிக்கல."

அவர் தலையை லேசாக ஆட்டினார். வேலை சரியாக முடிந்தது என்று ஆளை அனுப்பிவைக்கிற மாதிரியான ஆட்டல். கண்ணை மூடிக்கொண்டார். பத்தேகாலுக்கு மூச்சு நின்றது. நர்ஸ்தான் முதலில் கவனித்தாள்.

மதியத்துக்குள் வீடு நிரம்பியது. மகள் பேருந்துக் கம்பெனியில் கால அட்டவணை போடுபவள். அவள் அலுவலகத்திலிருந்தே பத்துப் பேர் வந்தார்கள். ஸ்டூடியோவிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. வாசலில் நுழையாத அகலம். ரிப்பனில் இரண்டு படங்களின் பெயர் பொன் எழுத்தில் இருந்தது. கொண்டுவந்தவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டு மணிக்கு அப்பாவின் பழைய ஒளிப்பதிவாளர் வந்தார். அப்பாவின் வயதுதான், படியேறி மூச்சு வாங்கியது. நண்பனின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். அழவில்லை. பிறகு மகளிடம் வந்து, "கடைசியா ஏதாவது பேசினானாம்மா?" என்று கேட்டார்.

இருமல் விஷயத்தை அவள் சொன்னாள். கிழவர் சட்டென்று நண்பன் பக்கம் திரும்பினார்.

"கடைசி ஷாட்டுல தியேட்டர்ல ஒருத்தன்கூட இருமலேன்னாதான் படம் ஜெயிச்சதும்பான். அந்தப் படம் இப்ப பார்க்கக் கிடைக்குமா?"

நர்ஸ் இன்னும் போகவில்லை. சமையலறையில் நின்று தன் போனில் பயிற்சிப் பிரிவின் பக்கத்தைத் திறந்தாள். மூன்று தலைகள் ஒரு சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. கட்டில். பழுப்புச் சட்டை போட்ட ஒரு முதியவர். மகன் கையைக் கொடுக்கிறான். முதியவரின் கண்ணில் கூரை நகர்ந்து, சுவர் நகர்ந்து, வெளிச்சம் வந்து நின்றது. அந்த முகத்தில் ஏதோ ஒன்று மன்னிக்கப்பட்டது. 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடவும்' என்றது பின்னணிக் குரல்.

"இந்தச் சட்டை எங்க வீட்டுல இருக்கு," என்றாள் மகள். "யாரும் போடமாட்டாங்க. அப்பா வருஷா வருஷம் துவைச்சுக் காயப்போடுவாரு."

"இருக்கும். தளத்தைப் பிரிச்ச அன்னைக்கு இவன் இடுப்புல சுத்திக்கிட்டு வெளிய வந்தது அது ஒண்ணுதான்." ஒளிப்பதிவாளர் மூக்கைச் சிந்திக்கொண்டார். "இது பாகம் இரண்டு இல்லம்மா. தொண்ணூத்தாறாவது சீன். எங்க மூணாவது படத்தோட கடைசி சீன்."

மகள் அவரைப் பார்த்தாள்.

"நாலு நாள் பாக்கி இருந்துச்சில்ல? அந்த நாலு நாளை இவன் பதினோரு வருஷத்துல எடுத்து முடிச்சான். தீயணைப்புப் படத்துல புகைக்குள்ள ஒரு பொம்பள படியை எண்ணிக்கிட்டே இறங்கி வருவா. அது எண்பத்தொண்ணாவது சீன். சாலைப் பாதுகாப்புல இதே பெரியவர் ரோட்டைக் கடக்க முடியாம நிப்பாரு, அது எண்பத்தெட்டு. மொத்தம் பதினாறு சீன். ஒவ்வொண்ணுக்கும் எவனாவது ஒரு அதிகாரி, 'நோயாளி வேணும், நடந்து போற ஆள் வேணும்'னு கேக்குறவரைக்கும் காத்திருப்பான். கேட்டதும் எனக்குப் போன் வரும். 'அதே லென்ஸை எடுத்துக்கிட்டு வாடா'ம்பான்."

"அதிகாரிங்களுக்குத் தெரியாதா மாமா?"

"அவங்க கேட்டதுக்கு ஒரு மாத்துக்கூடக் குறைக்க மாட்டான். புண் வராம எப்படித் திருப்பணும்? அதுவும் சரியா இருக்கும். பாதியில விட்ட கதைக்கு முடிவு வேணுமே? அதுவும் அதே ஷாட்டுல இருக்கும்."

"நடிகருக்கு வயசாகியிருக்குமே. பதினோரு வருஷம்..."

"அதைக் கேளு! நானும் அதைத்தான் கேட்டேன். 'கடைசி பதினாறு சீன்ல அந்த ஆளு கிழவனாகணும்டா, எந்த மேக்கப்மேன் இப்படிப் பண்ணுவான்'னு சிரிச்சான். வரிசையைக்கூட மாத்தல. எண்பத்தொண்ணுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா. கடைசி சீனை எடுத்து மூணு மாசத்துல அந்தப் பெரியவர் போயிட்டாரு."

ஒரு பேருந்து மூன்று நிமிடம் பிந்தினால் எத்தனை நிறுத்தம் குலையும் என்று மனதிலேயே சொல்லக்கூடியவள் மகள். பதினோரு வருடத்தை அவளால் கணக்கில் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு மாலையும் கோப்புப் பையோடு வந்து செருப்பைக் கழற்றி, "மழை வரும்போல" என்று மட்டும் சொன்ன மனிதர், அத்தனை பெரிய ஒன்றை உள்ளே சுமந்துகொண்டா இந்த நடையில் நடந்தார்? மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் முதல்முறை தலை தூக்கிப் பார்த்ததைப் போலக் கழுத்து வலித்தது.

"யாரு சேர்த்துப் பார்க்கப்போறா மாமா? முக்கால்வாசி அங்க பூட்டிக் கெடக்கு. மிச்சம் இப்படித் துண்டு துண்டா..."

"கேட்டேனே. 'எடுத்து முடிச்சோமா இல்லையா, அதை மட்டும் சொல்லு'ன்னான். முடிச்சோம்னேன். அன்னைக்கு ரெண்டு டீ வாங்கிக் குடுத்தான்."

இருபது வருடமாக வெளியே வராதது இப்போதும் முழுசாக வரவில்லை. "நான் ஒருநாள் அவரை ஒரு வார்த்தை..."

"தெரியும். எங்கிட்ட சொன்னான்."

"என்ன சொன்னாரு?"

"'என் பொண்ணு எவ்வளவு சுருக்கமா டயலாக் எழுதுறா பாரு'ன்னான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு எங்கேயோ வழி தவறிப்போய் முகம் கோணியது. நர்ஸ் போனை அணைத்துவிட்டு அவள் முதுகில் கை வைத்தாள்.

வண்டி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். கூடம் நெருக்கியடித்தது. கடைசியாகப் பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி மூன்று வரிசையாக நின்றார்கள். ஒளிப்பதிவாளர் தலைமாட்டுக்குப் போனார். கண்ணைச் சுருக்கி நண்பனின் முகத்தைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையால் காற்றை மெல்லத் தள்ளினார்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சன்னலை அடைத்து நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். வெளிச்சம் வந்து அப்பாவின் முகத்தில் விழுந்தது. மகளும் ஓரடி பின்னால் போனாள். அவர் இன்னும் கையை இறக்கவில்லை. இன்னும் ஓரடி போனாள்.